டொக்டர் அம்மாவின் காருக்கு நான் பூட்டிய ஐந்து வசதிகள்

போன கிழமை ஒரு தம்பி என்னைத் தேடி வந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய கார் ஒன்றுக்குப் பின்பக்கக் கமராவும் தொலைபேசியோடு பேசும் றேடியோவும் பூட்டப்போகிறாராம். வயரை எந்த வழியாக இழுக்கலாம் என்று கேட்டார். எலி போகிற இடமெல்லாம் வயர் போகும் தம்பி, அதைப் பற்றிக் கவலைப்படாதையும் என்றேன். பிறகு, அந்தக் காரை ஊரில் யார் யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கிழவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார். நல்ல பிள்ளை, தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் கேள்வி எனக்கு எங்கிருந்து வந்தது என்பதை அவருக்கும், கராஜ்களில் புதிதாகக் கை வைத்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் எழுதி வைக்கிறேன். நான் கெட்டிக்காரன் என்று காட்டுகிற கதை அல்ல இது. அப்படியான கதைகளும் என்னிடம் இருக்கின்றன. அவற்றை என் மனைவி கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டாள்.

எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தேழு வயது. திருகோணமலை உட்துறைமுகத்துக்குப் போகிற வீதியில் தகரக் கூரையோடு ஒரு சின்னக் கராஜ் வைத்திருந்தேன். கைத்தொழில் தெரிந்தவனை எங்கள் பக்கத்தில் பாஸ் என்பார்கள். கார்களின் வயர் வேலைதான் என் தொழில் என்பதால் எல்லோருக்கும் நான் வயர் பாஸ். அந்த நாட்களில் வெளிநாட்டுச் சாமான்கள் வருவது நின்றுபோயிருந்தது. புதுக் கார் கனவிலும் கிடையாது. ஆகவே இருக்கிற கிழட்டுக் கார்களைப் புதுக் காராக்கித் தரச் சொல்லி ஆட்கள் என்னிடம் வருவார்கள். நானும் ஆக்கிக் கொடுப்பேன். தலைக்கனம் கொஞ்சம் இருந்தது. கொஞ்சம் என்று நான் சொல்கிறேன், மற்றவர்கள் வேறு அளவு சொல்வார்கள்.

பட்டினத்தில் தனியாக டிஸ்பென்சரி நடத்திய டொக்டர் அம்மா ஒருவர் இருந்தார். ஐம்பது வயது, கலியாணம் கட்டாதவர், ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயப் பூசைக்குப் பிந்தாதவர், எவருக்கும் நினைத்ததை முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவர். அவருடைய தகப்பனாரும் டொக்டர். தகப்பன் ஓட்டிய கறுப்பு இங்கிலீஷ் காரைத்தான் மகளும் ஓட்டினார். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய கார் அது. திரும்புவதற்கு முன், கதவுக்குப் பக்கத்திலிருந்து சிக்னலுக்கு ஒரு சின்னக் கை எழும்பி நிற்கும். ஸ்டார்ட் பண்ணுவதற்குக் காரின் முன்பக்கத்தில் கம்பி போட்டும் சுற்றலாம். ஹோர்ன் அடித்தால் நெஞ்சுச் சளிக்காரன் இருமுவது போலிருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்குக் கூச்சமாக இருக்கும். தொழில் தெரிந்தவன் ஒருவன் ஊரில் இருக்கும்போது இப்படி ஒரு ஹோர்ன் வீதியில் போகலாமா என்று நினைப்பேன்.

ஒருநாள் அவர் ஒரு மரப்பெட்டியோடு கராஜுக்கு வந்தார். லண்டனில் இருக்கும் தம்பி கப்பல்காரர் ஒருவரிடம் கொடுத்து அனுப்பியதாம். திறந்து பார்த்தேன். கல்யாண வீட்டுக்குள் நுழைந்த பசிக்காரனின் நிலை எனக்கு. காருக்குள் வைக்கும் சின்ன ஃபான், கசெற் போடுகிற றேடியோ, மினுங்கி மினுங்கிக் காட்டும் சிக்னல் லைற், சிகரெட் பற்றவைக்கும் லைற்றர், இரண்டு குழலோடு ஒரு ஹோர்ன்.

"பாஸ், வெக்கை தாங்க ஏலாமல் கிடக்கு. ஃபானை மட்டும் பூட்டி விடுங்கோ. மிச்சத்தைப் பெட்டியோட அப்படியே வையுங்கோ. நான் ரெண்டு கிழமைக்கு மட்டக்களப்புக்குத் தங்கச்சி வீட்டை போறன்," என்றார்.

ஓம் அம்மா என்றேன். வாய்தான் சொன்னது. அவர் கேட்டது ஒன்று, நான் செய்தது ஐந்து. பெட்டியில் கிடந்தால் உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்கும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். சிகரெட்டையே தொடாத மனிதருக்கு லைற்றர் பூட்டினேன். எழும்புகிற கையைக் கழற்றிவிட்டுச் சிக்னல் லைற்றைப் போட்டேன். பழைய ஹோர்னைக் கழற்றிச் செம்புக் கம்பிக்காக உடைத்தேன். புது ஹோர்ன் இரண்டு சுருதியில் பாடியது. பக்கத்துக் கடைக்காரர் எழும்பி வந்து இன்னொரு தரம் அடிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனார்.

அத்தோடு நின்றேனா? வள்ளங்களுக்குப் பூச்சுப் பூசும் கூட்டாளி ஒருவன் எனக்கு இருந்தான். நிலாவெளி ஹொட்டேல் ஒன்றின் வள்ளங்களுக்குப் பூசிய வான நீலம் அவனிடம் மிச்சம் இருந்தது. கார் இரண்டே நாளில் வான நீலமாயிற்று. டொக்டர் அம்மா ஆச்சரியப்படுவார் என்று இருவரும் பேசிக்கொண்டோம்.

ஆச்சரியப்படத்தான் செய்தார். வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கராஜுக்கு வந்தவர் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, "பாஸ், என்ரை கார் எங்கை?" என்று கேட்டார்.

"இதுதான் அம்மா."

அவர் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நான் கதவைத் திறந்து ஐந்து புதுச் சுவிச்சுகளையும் காட்டத் தொடங்கினேன். எதற்கு எது என்று ஒன்றிலும் எழுதவில்லை. எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. அதுதான் வடிவு, அதுதான் அழகு என்பது என் எண்ணம்.

அந்த நேரம் ஒரு மனிதர் ஓடி வந்தார். கிண்ணியாவுக்கு அப்பால் ஒரு ஊர், பெயர் ஹனிபா. டிஸ்பென்சரிக்குப் போய், டொக்டர் கராஜில் என்று அறிந்து வந்திருக்கிறார். சட்டை முழுக்க வியர்வை.

"டொக்டரம்மா, பொஞ்சாதிக்கு நேத்துலேருந்து நோவு. புள்ள குறுக்கால கெடக்காம். மருத்துவிச்சி தன்னால ஏலாதெண்டுட்டா. ஆளை அசைக்கவும் ஏலாது. கெதியா வாங்க."

டொக்டர் அம்மாவின் முகம் மாறிவிட்டது. மருந்துப் பெட்டியைப் பின் கதிரையில் வைத்து ஹனிபாவை ஏறச் சொன்னார். சாரதிக் கதிரையில் இருந்துகொண்டு சுவிச்சுகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இந்தக் குரங்குச் சேட்டையெல்லாம் எனக்கு விளங்காது. நீங்களும் ஏறுங்கோ."

ஏறினேன். சீனன்குடாவைத் தாண்டும் வரை நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். அன்றைக்குச் சிரிக்கவில்லை. அவர் ஃபானைப் போடப்போய்க் கசெற்றைப் போட்டார். யாரோ வெள்ளைக்காரன் ஆடச் சொல்லிக் கத்தினான். அதை நிறுத்தப்போக ஃபான் சுழன்று, அவருடைய சேலைத் தலைப்பைத் தூக்கி முகத்தில் போட்டது. வளைவு வந்தால் பழக்க தோஷத்தில் இல்லாத கையை எழுப்பத் தேடுவார். நான் சிக்னலைப் போடுவேன். வளைவு முடிந்து அரை மைல் போன பிறகும் அது மினுங்கிக்கொண்டிருக்கும். பின்னால் ஹனிபா கண்ணை மூடி ஓதிக்கொண்டிருந்தார்.

கிண்ணியாத் துறைக்கு அப்போது பாலம் இல்லை. வாகனங்களை ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகும் மிதவைதான். அதை எங்கள் பக்கத்தில் பாதை என்போம். நாங்கள் துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதை அக்கரையில் நின்றது. பன்னிரண்டரை மணி. பாதைக்காரர்கள் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள். கொட்டிலுக்குப் பின்னால் மர நிழலில் இருந்து சாப்பிட்டு, கொஞ்சம் சரிந்து, ஒன்றரைக்குத்தான் எழும்புவார்கள். பெரிய உத்தியோகத்தர் வந்து நின்றாலும் கையைக் கழுவமாட்டார்கள் என்பது ஊரறிந்த விஷயம்.

"எனக்கு வருவினம். எந்த நேரம் போனாலும் வந்திருக்கினம். ஹோர்னை அடியுங்கோ பாஸ்," என்றார் டொக்டர் அம்மா.

அடித்தேன். புது ஹோர்ன் இரண்டு சுருதியில், குறையில்லாமல், தண்ணீருக்கு மேலே பாடிக்கொண்டு போனது. அக்கரையில் ஒரு ஆள் மட்டும் கொட்டில் ஓரத்துக்கு வந்து பார்த்தான். பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். மறுபடி அடித்தேன். பத்துத் தரம் அடித்திருப்பேன். ஒருவரும் அசையவில்லை. நாங்கள் மூவரும் இறங்கிக் கத்தினோம். கச்சான் காற்று எதிரே அடித்தது. எங்கள் சத்தம் எங்கள் வாயிலேயே நின்றது.

ஹனிபா காரைப் பார்த்தார், ஹோர்னைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

"டொக்டரம்மா, அவங்க காரைப் பாத்து வாறல்ல. உங்கட ஹோர்னைக் கேட்டுத்தான் வாற. உங்கட வாப்பாட காலத்துலேருந்து அப்படித்தான். கட்டையா ஒண்டு, நீட்டா ஒண்டு. அது கேட்டா சோத்துக் கையோட எழும்பிருவாங்க. இது ஆருட ஹோர்ன்?"

டொக்டர் அம்மாவுக்கே அது தெரியாது. தன்னைக் கண்டுதான் வருகிறார்கள் என்று இத்தனை வருடம் நினைத்திருக்கிறார். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் விட்டதுதான் எனக்குச் சுட்டது. அந்தக் குரலை நான் என் கையால் உடைத்துச் செம்புக் கம்பியாக்கி ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருந்தேன்.

ஹனிபா சட்டையைக் கழற்றினார். "நான் நீந்திப் போறன்."

"நீரோட்டத்தைப் பாத்தனீங்களோ? உங்கட வீட்டிலை ஒரு நோயாளி போதும்," என்றார் டொக்டர் அம்மா. கரையில் ஒரு தோணி கிடந்தது, துடுப்பும் இல்லை, ஓட்டியும் இல்லை. ஊரும் துறையிலிருந்து நாலைந்து மைல் உள்ளே. ஆளைக் கடத்தினாலும் அங்கே போய்ச் சேரக் கார் வேண்டும். பட்டினத்துக்குத் திரும்பிப் போய்ப் பழைய ஹோர்ன் ஒன்றைத் தேடிப் பூட்டி வர இரண்டு மணித்தியாலமாவது ஆகும்.

தம்பிமாரே, எனக்கு அப்போது பயமாக இருந்தது. ஒரு பெண், வயிற்றுப் பிள்ளையோடு சாகப்போகிறாள், என் கெட்டித்தனத்தால் சாகப்போகிறாள். என் சட்டைப் பையில் ஒரு ஸ்குறூ டிறைவர் மட்டும் இருந்தது. அதைக் கையில் எடுத்த பிறகுதான் புத்தி வேலை செய்தது. பழைய ஹோர்ன் இல்லை. ஆனால் புது ஹோர்னைக் கெடுக்கலாம்.

என்ஜின் மூடியைத் திறந்தேன். இரண்டு குழலில் ஒன்றின் வயரைப் பிடுங்கினேன். மற்றதன் பின்னால் சுருதி பார்க்கும் ஆணி இருக்கும், உங்களுக்குத் தெரியும். இரண்டு கிழமைக்கு முன் ஒரு பின்னேரம் முழுக்க இருந்து நான் காதால் கேட்டுக் கேட்டு முறுக்கிய ஆணி அது. அதை எதிர்ப்பக்கம் திருப்பினேன்.

"அடியுங்கோ அம்மா."

அடித்தார். "இல்லை. இது ஆடு கத்துற மாதிரி. அப்பான்ரை ஹோர்ன் இருமும்."

இன்னும் திருப்பினேன். "இப்ப?"

"தவளை. இன்னும் அடைக்க வேணும்."

ஹனிபா பக்கத்தில் வந்து நின்றார். "நெஞ்சுலேருந்து வரணும் பாஸ். இது தொண்டையில நிக்கிது."

ஒருவருக்குக் குழந்தை, மற்றவருக்கு நோயாளி, எனக்கு மானம். மூன்று பேரும் நடு வெயிலில் நின்று ஒரு நல்ல ஹோர்னுக்குச் சளி பிடிக்க வைத்துக்கொண்டிருந்தோம். நாலாம் ஐந்தாம் தடவையில் குரல் வந்துவிட்டது. டொக்டர் அம்மா கட்டையாக ஒன்று, நீட்டாக ஒன்று அடித்தார். அக்கரையில் ஒரு அசைவும் இல்லை.

"குரல் சரி," என்றார் அவர். "ஆனா நீட்டு அடி கடைசியிலை கீழை விழும். மூச்சு முடியிற மாதிரி. இது விழேல்லை."

ஏன் விழும்? யோசித்தேன். பழைய வயர், தேய்ந்த பற்றரி. ஹோர்ன் கேட்கிற அளவுக்கு மின்சாரம் வராது. அந்த வயரையும் நான் மாற்றியிருந்தேன், பற்றரியையும் நிரப்பியிருந்தேன். கெடுக்க வேண்டிய இடம் இன்னும் ஒன்று இருந்தது. என்ஜினை நிறுத்தச் சொன்னேன். பிறகு காருக்குள் பாய்ந்து ஃபானைப் போட்டேன், கசெற்றைப் போட்டேன், சிக்னலைப் போட்டேன், முன் லைற் இரண்டையும் போட்டேன். லைற்றரை அமத்தினேன். அது சூடானதும் துள்ளி வெளியே வரப் பார்க்கும். வரவிடாமல் பெருவிரலால் அமத்திப் பிடித்தேன். அன்றைக்குச் சுட்ட தழும்பு இன்னும் இருக்கிறது.

பற்றரி செத்தால் கார் ஸ்டார்ட் ஆகாது, அதுவும் தெரியும். முன்னால் சுற்றும் கம்பி இருக்கிறது, சுற்ற ஹனிபா இருக்கிறார் என்று ஒரு கணத்தில் முடிவெடுத்தேன். கொஞ்ச நேரம் எல்லாவற்றையும் தின்ன விட்டேன். லைற் மஞ்சளாகியது. கசெற்றில் பாடிய வெள்ளைக்காரனுக்கு நித்திரை வந்தது.

"இப்ப அடியுங்கோ."

கட்டையாக ஒன்று. நீட்டாக ஒன்று. நீட்டு அடி பாதி வழியில் சோர்ந்து, இருமி, கீழே விழுந்தது.

அக்கரையில் கொட்டிலுக்குப் பின்னாலிருந்து நாலு பேர் ஓடி வந்தார்கள். ஒருவர் கையை உதறிக்கொண்டே வந்தார். பாதை அசைந்தது. ஹனிபா நிலத்தில் குந்தி முகத்தைப் பொத்திக்கொண்டார். டொக்டர் அம்மா அவர் தோளில் தட்டி, "எழும்புங்கோ, கம்பியைச் சுத்துங்கோ," என்றார். இரண்டு சுற்றில் கார் ஸ்டார்ட் ஆகிவிட்டது. மனைவிக்காகச் சுற்றுகிறவர் சுற்றினால் எந்தக் காரும் ஸ்டார்ட் ஆகும்.

பாதைக்காரர்களின் தலைவர் காசிம், அங்கே அண்ணனை நானா என்பதால் எல்லோருக்கும் காசிம் நானா. கரை தொட்டதும் நீலக் காரைப் பார்த்துப் புருவத்தை நெரித்தார். "டொக்டரம்மாட கார் எங்க?" என்றார். அன்றைக்கு இரண்டாம் முறையாக அந்தக் கேள்வி. பிறகு உள்ளே இருந்தவரைக் கண்டார். நாலு பேரும் சோறு காயாத கையோடு பாதைக் கயிற்றை இழுத்தார்கள்.

அக்கரையில் என்னை இறக்கிவிட்டு டொக்டர் அம்மாவும் ஹனிபாவும் போய்விட்டார்கள். கொட்டிலில் இருந்தேன். எனக்கும் ஒரு கோப்பை சோறும் மீன் ஆணமும் கொடுத்தார்கள். காசிம் நானா பக்கத்தில் வந்து இருந்தார்.

"முன்னுக்குப் பாட்டுப் பாடின ஹோர்னும் கேட்டிச்சு. பொடியன் போய்ப் பாத்துட்டு, நீலக் காராம், ஹொட்டல்ல இருந்து வெள்ளக்காரங்க கடல் பாக்க வந்திருக்காங்களாம் எண்டான். கடல் எங்க ஓடப்போகுது, ஒண்டரைக்கும் நிக்கும் தானே எண்டு விட்டுட்டம்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "ஆரு பாஸ் இந்த வேலை செஞ்சது?"

டொக்டர் அம்மா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. யாரோ கொழும்பு ஆள் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"நான்தான் நானா," என்றேன்.

அவர் எழும்பிப் போய்ச் சோற்றுக் கையைக் கழுவிவிட்டு வந்தார். பிறகு, "இனி ஏதும் மாத்துற எண்டா, இஞ்ச ஒருக்கா வந்து அடிச்சுக் காட்டிட்டுப் போங்க. நாங்களும் அந்தக் கார்ல வேலை செய்யிற ஆக்கள் தானே," என்றார்.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். நாலு மணிக்குத் திரும்பி வந்த டொக்டர் அம்மா சேலையெல்லாம் கசங்கிக் களைத்துப்போயிருந்தார். பெண் பிள்ளை என்றார். காரில் ஏறிய பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே, "இன்னும் கால் மணித்தியாலம் பிந்தியிருந்தால் ரெண்டு பேரிலை ஒராளைத்தான் காப்பாத்தியிருப்பன்," என்றார். நான் அழுதேன். அவர் ஃபானைப் போட்டார். இந்த முறை சரியான சுவிச்சை அமத்தியிருந்தார்.

அடுத்த நாள் நான் ஹோர்னைத் திருத்திக்கொடுக்கப் போனேன். தொட விடவில்லை. காரைக் கறுப்பாக்கித் தரச் சொன்னார், எழும்பும் கையைத் திருப்பிப் பூட்டச் சொன்னார், ஃபானை விட்டுவைத்தார். ஹோர்ன் கெட்டபடியே இருக்கட்டும் என்றார். நீட்டு அடி எப்போதும் விழும்படி மெல்லிய பழைய வயர் ஒன்றை அதற்கு இழுத்துக் கொடுத்தேன். ஞாயிறு பூசை முடிய இருவரும் துறைக்குப் போய் அடித்துக் காட்டினோம். காசிம் நானாவும் ஆட்களும் வரிசையாக நின்று கேட்டார்கள். இன்னும் கொஞ்சம் இருமலாம் என்று ஒருவர் சொன்னார். ஆணியை அரைச் சுற்றுத் திருப்பினேன். அதுதான் என்றார்கள். என் தொழிலில் ஒரு வேலையைக் காட்டி ஆட்களிடம் சம்மதம் கேட்டது அதுதான் முதல் தடவை.

கதை ஊரெல்லாம் பரவியது. பிறகுதான் என் கஷ்டம் தொடங்கியது. லொறிக்காரர், மீன் வியாபாரி, நெல்லு முதலாளி என்று ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோருக்கும் இருமுகிற ஹோர்ன் வேண்டும். சாப்பாட்டு நேரத்திலும் பாதை வருமே! ஆறு மாதம் நான் பூட்டிய நல்ல ஹோர்ன்களைவிடக் கெட்ட ஹோர்ன் கேட்டு வந்தவர்கள் அதிகம். ஏலாது என்று ஒவ்வொருவரையும் திருப்பி அனுப்பினேன். வாடிக்கையாளர் சிலர் கோபித்துக்கொண்டு வேறு கராஜுக்குப் போனார்கள். அங்கேயும் செய்ய முயன்றார்கள் என்று கேள்வி. ஆடும் தவளையும்தான் வந்ததாம்.

கடைசியாக வந்தவர் பெரிய உத்தியோகத்தர், பெயரும் பதவியும் வேண்டாம். காரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து கதிரையில் இருந்தார். நான் ஏலாது என்றதும் அவருக்கு முகம் சிவந்தது.

"ஏன் பாஸ், எனக்கும் ஒருநாள் அவசரம் வரும் தானே?"

"வரும் ஐயா," என்றேன். "வந்தால் டொக்டர் அம்மாவைக் கூப்பிடுங்கோ. அவவுக்குப் பாதை வரும்."